ஒரே மூச்சில் நாலு சங்கதி

மாரி வெள்ளம் கண்ட கிளிநொச்சிப் பிள்ளை ஒன்றிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். "விடியவிடிய மழை பெஞ்சு, குளம் வான் பாஞ்சு, தண்ணி வயலுக்கை ஏறி, பயிரெல்லாம் அழுகிப்போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். நாலு சங்கதி, ஒரே வாக்கியம். எது முன்னால் நடந்தது, எது எதனால் வந்தது, கடைசியில் வீட்டுக்கு வந்த நட்டம் என்ன என்பதெல்லாம் அந்த மூச்சுக்குள் ஒழுங்காக அடங்கியிருக்கும்.

அதே பிள்ளையிடம் கொப்பியையும் பேனையையும் கொடுத்து 'வெள்ளம்' என்று தலைப்பிட்டு எழுதச் சொன்னால் வருவது வேறு. "மழை பெய்தது. குளம் வான் பாய்ந்தது. தண்ணீர் வயலுக்குள் வந்தது. பயிர்கள் அழுகின." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இலக்கணமும் சரி. ஆனால் மழைக்கும் குளத்துக்கும், குளத்துக்கும் பயிருக்கும் என்ன உறவு என்பது காணாமற்போய்விட்டது. வாயில் இருந்த அறிவு கொப்பிக்கு வந்து சேரவில்லை.

எழுதப் பழகும் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இந்த இடைவெளி உண்டு. பேசும்போது வாய் தன்பாட்டில் ஓடும். எதிரில் நிற்பவருடைய முகமும் துணைக்கு வரும். எழுதும்போது கை மெதுவாகப் போகிறது. 'பெஞ்சு' என்பதைப் 'பெய்து' என்று மாற்ற வேண்டும். றகரமா ரகரமா, ணகரமா னகரமா என்று நிதானிக்க வேண்டும். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்க வேண்டும். மனித மூளை ஒரே நேரத்தில் நினைவில் ஏந்திவைக்கக்கூடிய சங்கதிகள் மிகச் சில. அந்தக் கொஞ்ச இடத்தையும் எழுத்துக்கூட்டலே பிடித்துக்கொண்டால், வாக்கியத்தை நீட்டி நடத்த இடம் மிஞ்சாது. பிள்ளை சீக்கிரமாக முற்றுப்புள்ளியைத் தேடுகிறது. புள்ளி வைத்துவிட்டால் ஆபத்து இல்லை, சிவப்புப் பேனை அங்கே வராது.

குறுகிய வாக்கியம் குற்றமல்ல. தமிழில் மிகக் கூர்மையாக எழுதியவர்கள் பலர் மூன்று சொல்லில் முடித்திருக்கிறார்கள். நீட்டத் தெரிந்தவர் வேண்டுமென்று குறுக்குவது கைத்திறன். நீட்டத் தெரியாததால் குறுகிப்போவது இல்லாமை. அந்த இல்லாமைக்கு ஒரு மருந்து இருக்கிறது; அது எங்கள் தமிழ்ப் பாடத்துக்குப் புதியதும் அல்ல. "பின்வரும் வாக்கியங்களை இணைத்து ஒரே வாக்கியமாக எழுதுக" என்ற பயிற்சியைச் செய்யாமல் பாடசாலை கடந்தவர் குறைவு. ஒரு வினா, ஒரு விடை, இரண்டு புள்ளி என்று அதைக் கடந்து போய்விடுகிறோம். அந்தச் சின்ன வினாவின் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆய்வு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1965இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெலொக் ஹண்ட் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிள்ளைகள் வளர வளர அவர்களுடைய எழுத்தில் உண்மையில் வளர்வது எது என்பதே அவருடைய கேள்வி. 4ஆம், 8ஆம், 12ஆம் வகுப்புகளில் வகுப்புக்கு 18 பேராக 54 பேரைத் தெரிந்து, ஒவ்வொருவரும் எழுதியவற்றில் ஏறக்குறைய 1,000 சொற்களை எடுத்து எண்ணத் தொடங்கினார். எண்ணும்போதே ஒரு சிக்கல் வந்தது. சின்னப் பிள்ளைகள் சிலர் முற்றுப்புள்ளியே வைக்காமல் 'பிறகு, பிறகு' என்ற போக்கில் கோத்துக்கொண்டு போவார்கள். புள்ளியை நம்பி எண்ணினால் அவர்கள்தான் மிக நீண்ட வாக்கியம் எழுதியவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் ஹண்ட் புதிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். முதன்மை வாக்கியம் ஒன்றும் அதைச் சார்ந்து நிற்பவை எல்லாமும் சேர்ந்தது ஓர் அலகு. அதற்கு 'ரி-அலகு' என்று பெயர். 4ஆம் வகுப்பில் ஓர் அலகுக்குச் சராசரி 8.6 சொற்கள் இருந்தன. 8ஆம் வகுப்பில் 11.5. 12ஆம் வகுப்பில் 14.4. பெரிய சஞ்சிகைகளில் எழுதும் தேர்ந்த எழுத்தாளர்களிடம் 20.3.

இந்த எண்கள் ஏன் ஏறின என்பதில்தான் சுவை இருக்கிறது. மூத்த பிள்ளை சொற்களை அள்ளிப் போட்டு நீட்டவில்லை. சின்னப் பிள்ளை தனி வாக்கியமாகச் சொல்வதை மூத்த பிள்ளை இன்னொரு வாக்கியத்துக்குள் மடித்து வைக்கிறது. "ஒரு மாமா வந்தார். அவர் உயரம். அவர் பரந்தனில் இருந்து வந்தார்" என்று மூன்றாக நின்றது, "பரந்தனில் இருந்து உயரமான மாமா ஒருவர் வந்தார்" என்று ஒன்றாகிவிடுகிறது. வாக்கியம் இரண்டு போயிற்று, செய்தி ஒன்றும் போகவில்லை.

இதை இன்னும் நேராகப் பார்க்க ஹண்ட் செய்த அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அலுமினியம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதி, அதையே எல்லோரிடமும் கொடுத்தார். ஒன்றையும் விடாமல், நல்ல முறையில் திருப்பி எழுதுங்கள் என்பது மட்டுமே கட்டளை. 4ஆம் வகுப்பில் இருந்து 12ஆம் வகுப்புவரை பிள்ளைகள் எழுதினார்கள். பள்ளிப் படிப்போடு நின்ற தலஹாசி நகரத் தீயணைப்பு வீரர்கள் 25 பேர் எழுதினார்கள். பெயர்பெற்ற சஞ்சிகைகளில் எழுதும் எழுத்தாளர்கள் 25 பேரும் எழுதினார்கள். சரக்கு ஒன்றுதான். சின்னவர்கள் பெரும்பாலும் கொடுத்தபடியே வைத்தார்கள், அல்லது 'உம்' போட்டு ஒட்டினார்கள். வயது ஏற ஏற மடிப்பு கூடியது. தீயணைப்பு வீரர்கள் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளைவிடச் சற்றே மேலே நின்றார்கள். தேர்ந்த எழுத்தாளர்களோ வெகுதூரம் போயிருந்தார்கள். 1970இல் வெளிவந்த இந்த ஆய்வு ஒன்றைக் காட்டியது. வயது தானாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓர் எல்லைவரைதான். அதற்கு அப்பால் பழக்கம் வேண்டும்.

அப்படியானால் பழக்கத்தை முன்கூட்டியே கொடுக்க முடியுமா? அந்தக் காலத்தில் மொழியியலில் நோம் சொம்ஸ்கியின் காற்று வீசியது. 1957இல் வந்த அவருடைய நூல், சிக்கலான வாக்கியங்களுக்கு அடியில் எளிய கரு வாக்கியங்கள் இருக்கின்றன என்றும், சில விதிகளால் அவை உருமாறி ஒன்றுசேர்கின்றன என்றும் பேசியது. ஆய்வாளர் ஜோன் மெலன் அதைப் பிடித்துக்கொண்டு, 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாக்கியம் இணைக்கும் பயிற்சி கொடுத்து, 1969இல் முடிவுகளை வெளியிட்டார். வாக்கிய முதிர்ச்சி நன்றாகவே ஏறியது. ஆனால் அவருடைய பயிற்சியில் இலக்கணக் கலைச்சொற்கள் நிறைய இருந்தன. ஃபிராங்க் ஓஹேர் அவற்றைக் கழற்றி வீசினார். இலக்கணப் பெயர் ஒன்றும் வேண்டாம். 'இந்தச் சொல்லைப் போட்டு இணை' என்று எளிய குறிப்பு மட்டும் கொடுத்தார். 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 83 பேர், ஏறக்குறைய ஒரு பாடசாலை ஆண்டு. இணைத்துப் பழகிய குழு, பல அளவுகளில் தன் வயதை வெகுவாகத் தாண்டிப்போனது. எந்தக் கட்டுரை எந்தக் குழுவினுடையது என்று அறியாத எட்டு ஆசிரியர்கள் கட்டுரைகளைச் சோடிசோடியாக ஒப்பிட்டபோது, பழகிய பிள்ளைகளின் கட்டுரைகளையே மிகப் பெரும்பாலும் தெரிந்தார்கள். 1973இல் வந்த அந்த நூலின் துணைத் தலைப்பே, முறையான இலக்கணப் போதனை இல்லாமல் எழுத்தை மேம்படுத்துவது பற்றியது.

பிறகு காற்று மாறியது. சொம்ஸ்கியே கரு வாக்கியக் கொள்கையை விட்டு ஏற்கெனவே நகர்ந்திருந்தார். 1980களில் எழுத்துக் கற்பித்தல் துறை வேறு கவலைகளுக்குப் போய், வாக்கியத்தைப் பற்றிப் பேசுவதையே பழசு என்று ஒதுக்கியது. பயிற்சி பொய்த்துப்போனதால் அதை யாரும் கைவிடவில்லை, நாகரிகம் மாறியதால் கைவிட்டார்கள். 2007இல் ஸ்டீவ் கிரஹாமும் டொலரஸ் பெரினும் 4ஆம் வகுப்பில் இருந்து 12ஆம் வகுப்புவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டபோது, பயன் தரும் 11 வழிகளில் ஒன்றாக வாக்கிய இணைப்பு மறுபடி தலைகாட்டியது. அதன் விளைவு அளவு 0.50. 100 பேரை எழுத்துத் திறன்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய 31ஆம் இடத்துக்கு முன்னேறுகிறது என்று இதற்குப் பொருள். இலக்கணத்தைத் தனியாக, வரையறையும் வகைப்பாடுமாகக் கற்பித்தலின் விளைவு அளவோ பூச்சியத்துக்குக் கீழே, −0.32இல் நின்றது. அந்த நேரம் எழுதுவதில் போயிருந்தால் கூடிய பயன் கிடைத்திருக்கும் என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழுக்கு வந்தால் கதை இன்னும் அழகாகிறது.

ஆங்கிலத்தில் வாக்கியங்களை இணைக்கும் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு வெளியே நிற்கின்றன. தமிழ் அந்த வேலையை வினைச்சொல்லின் கடைசி அசையில் வைத்திருக்கிறது. 'பெய்' என்ற ஒன்றை எடுங்கள். பெய்து, பெய்ய, பெய்த, பெய்யும், பெய்தால், பெய்தாலும், பெய்தும், பெய்ததும், பெய்ததால், பெய்யாமல், பெய்யாத, பெய்யாவிட்டால். ஒவ்வொன்றும் அடுத்து வருவதோடு ஒவ்வொரு விதமான உறவு கொள்கிறது. ஒன்று வரிசை சொல்கிறது, ஒன்று காரணம் சொல்கிறது, ஒன்று நிபந்தனை போடுகிறது, ஒன்று 'இருந்தும்' என்று முரண் காட்டுகிறது, ஒன்று பின்னால் வரும் பெயரைப் பற்றிக்கொள்கிறது. சாதாரணமாக ஒரு தமிழ் வாக்கியத்தில் முற்று ஒன்றுதான். மிச்சமெல்லாம் முடியாமல் நின்று அடுத்து வருவதைத் தேடும் எச்சங்கள். வினையைத் தேடுவது வினையெச்சம், பெயரைத் தேடுவது பெயரெச்சம். வாக்கியம் இணைப்பதற்கு வேண்டிய பொறி முழுவதையும் மொழி ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. பாலர் பாடசாலைக்குப் போகும் வயதிலேயே பிள்ளை அதை ஓட்டக் கற்றுவிடுகிறது. "அம்மா கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வந்தவ" என்று சொல்லும் நாலு வயதுப் பிள்ளைக்கு வினையெச்சம் என்ற பெயர் தெரியாது, வேலை தெரியும்.

இந்தப் பொறி தமிழுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. எம். பி. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிப் பரப்பாகப் பார்த்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த தென்னாசிய மொழிகள் பல இப்படி எச்சங்களால் சங்கதிகளைக் கோப்பதை மொழியியலாளர் தொடர்ந்து காட்டிவருகிறார்கள். சிங்களமும் அப்படித்தான். வவுனியாச் சந்தையில் இரண்டு மொழியும் கேட்டு வளரும் பிள்ளை, இரண்டிலும் ஒரே மாதிரி முடிச்சையே கேட்கிறது.

ஆனால் பொறிக்கு விதி உண்டு. எழுதும்போதுதான் அந்த விதி பிள்ளையைப் பிடிக்கிறது. 'இணைத்து எழுது' என்றதும் எல்லாவற்றுக்கும் 'து' போடும் பிள்ளை இப்படி எழுதும்: "நான் வீட்டுக்குப் போய் அம்மா சோறு தந்தார்." எங்கோ இடறுகிறது. போனவர் ஒருவர், தந்தவர் வேறொருவர். 'செய்து' என்ற வாய்பாட்டு எச்சம், தன்னைச் செய்தவரே அடுத்ததையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆள் மாறினால் "போனதும்" என்றோ "போனபோது" என்றோ மாற்ற வேண்டும். தொல்காப்பியத்தின் வினையியல் இந்த வேறுபாட்டை அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னரே பிரித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் முதலில் கேட்ட அந்த வெள்ள வாக்கியம்? மழை பெஞ்சு, குளம் பாஞ்சு, தண்ணி ஏறி, பயிர் அழுகி. நாலு வினைக்கும் நாலு எழுவாய். விதிப்படி இடற வேண்டும், இடறவில்லை. காரணம், ஒவ்வொன்றும் அடுத்ததை விளைவிக்கிறது. மழையே குளத்தைப் பாயவைக்கிறது, அந்தப் பாய்ச்சலே வயலுக்குள் ஏறுகிறது. காரணமும் காரியமுமாகச் சங்கிலி நிற்கும் இடத்தில் தமிழ் ஆள் மாற இடம் கொடுக்கிறது. மழை பெய்வதும் அதனால் ஒன்று விளைவதும் போன்ற தொடர்களை எப்படி அமைத்துக்கொள்வது என்று பழைய உரையாசிரியர்களும் நின்று யோசித்திருக்கிறார்கள். அவர்கள் யோசித்த இடத்தை வன்னிப் பிள்ளை யோசிக்காமலே சரியாகக் கடக்கிறது. நான் வீட்டுக்குப் போனது அம்மா சோறு போட்டதற்குக் காரணம் ஆகாது என்பதும், மழை வெள்ளத்துக்குக் காரணம் என்பதும் அதன் காதுக்குத் தெரியும். அந்தக் காதைக் கொப்பிக்குக் கொண்டுவருவதே ஆசிரியரின் வேலை.

எப்படி என்று ஒரு பாடத்தை விரித்துப் பார்க்கலாம். அலுமினியம் வேண்டாம், எங்களிடம் குளம் இருக்கிறது. கரும்பலகையில் இப்படி எழுதலாம்: இரணைமடு ஒரு குளம். அது கிளிநொச்சியில் இருக்கிறது. வட மாகாணத்தில் அதுவே பெரிய குளம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்குகிறது. அது வடக்கே ஓடுகிறது. அது இரணைமடுவை நிரப்புகிறது.

ஆறு வாக்கியம். ஒரு பிள்ளை இப்படி இணைக்கலாம்: "வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடும் கனகராயன் ஆறு, வட மாகாணத்தின் பெரிய குளமாகிய கிளிநொச்சி இரணைமடுவை நிரப்புகிறது." இன்னொரு பிள்ளை: "கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் இருந்து வடக்கே ஓடிவந்து நிரப்பும் கிளிநொச்சி இரணைமடுவே வட மாகாணத்தின் பெரிய குளம்." இரண்டிலும் செய்தி ஒன்றே. முதலாவது ஆற்றைப் பற்றியது, இரண்டாவது குளத்தைப் பற்றியது. எது முற்றாகிக் கடைசியில் நிற்கிறதோ அதுவே சொல்ல வந்த விடயம். மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஆறுகளைப் பற்றிய கட்டுரைக்கு முதலாவது பொருந்தும், நீர்ப்பாசனம் பற்றியதற்கு இரண்டாவது. எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி. எது இங்கே வேண்டும் என்று கேட்டால்தான் வகுப்பு சூடுபிடிக்கும்.

அடுத்த பாடம் இன்னும் கனமானது. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுவாசலை விட்டு வெளியேறின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. இதை மூன்று குட்டி வாக்கியங்களாக எழுதுவோம்: கனமழை பெய்தது. வான்கதவுகளைத் திறந்தார்கள். தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் புகுந்தது.

"கனமழை பெய்ததால் வான்கதவுகளைத் திறந்தார்கள், தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் புகுந்தது" என்றால் பொறுப்பு மழையில் நிற்கிறது. "கனமழை பெய்தபோது வான்கதவுகளைத் திறந்ததால் தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் புகுந்தது" என்றால் பொறுப்பு கதவுக்கு மாறுகிறது. "வான்கதவுகளைத் திறந்தும், கனமழையால் தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் புகுந்தது" என்றால் திறந்தவர்கள் காப்பாற்றப் பார்த்தவர்கள் ஆகிறார்கள். 'பெய்ததால்', 'திறந்ததால்', 'திறந்தும்' என்று மாறியது ஓரிரு அசைதான். ஆனால் கமக்காரர் சங்கக் கூட்டத்தில் இந்த மூன்றில் எதைச் சொல்கிறீர்கள் என்பது பெரிய வித்தியாசம். பிள்ளை ஒன்றை எழுதியதும் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி இது: "கதவு திறந்ததாலதான் வெள்ளம் வந்ததெண்டு நீர் எழுதியிருக்கிறீர். தந்த மூண்டு வசனத்திலை அது இருந்ததோ? எங்கயிருந்து எடுத்தனீர்?" அந்தக் கேள்விக்குப் பிள்ளை விடை தேடும்போது அது தமிழ் மட்டும் படிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததையும் ஒன்றால் ஒன்று நடந்ததையும் பிரித்துப் பார்க்கப் பழகுகிறது. விஞ்ஞானப் பாடத்தில் 'ஏன்' என்ற வினாவுக்கும், வரலாற்றுப் பாடத்தில் 'காரணங்களை விளக்குக' என்ற வினாவுக்கும் வேண்டிய மூளைப் பயிற்சி இதுவே. வாக்கிய இணைப்பை நடையழகு என்று மட்டும் நினைப்பவர்கள் அதன் பாதிப் பயனையே காண்கிறார்கள்.

இந்தப் பொறி இடறும் இடமும் ஒன்று உண்டு. நீளமே தரம் என்று பிள்ளை நினைத்துவிடக்கூடாது. ஹண்ட் எண்ணியது நீளத்தை; அவர் மதித்தது மடிப்பை. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1970களில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வில், இணைத்துப் பழகியவர்கள் பருவ முடிவில் நன்றாக எழுதினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆகவே ஒருமுறை போட்டுவிட்டுப் போகும் ஊசி இது ஆகாது. எழுத்தோடு கூடவே நடக்க வேண்டிய பழக்கம்.

தமிழில் நீளத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எங்கள் வாக்கியத்தில் முற்று கடைசியில் வருகிறது. பெயரைச் சிறப்பிக்கும் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து குவிகின்றன. வாசிப்பவர் எல்லாவற்றையும் மனத்தில் ஏந்திக்கொண்டு கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று நாலு எச்சம் ஒரே திசையில் போனால் சுகம். ஏழு எட்டு எச்சம் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் வாக்கியம் உடைந்துபோகும். திணைக்களச் சுற்றறிக்கைகளில் பக்கம் முழுக்க ஓடும் வாக்கியங்களை வாசித்து அதிபர்மார் படும் பாடு தெரிந்ததே. அதனால் இணைக்கக் கற்பிக்கும் அதே பாடத்தில் பிரிக்கவும் கற்பிக்க வேண்டும். நீண்ட வாக்கியம் ஒன்றைக் கொடுத்து எத்தனை சங்கதி இதற்குள் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு எங்கே புள்ளி வைத்தால் மூச்சு வாங்கும் என்று கேளுங்கள்.

இந்த விடயத்தில் வடக்குக்கு ஒரு மூதாதை உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களை எழுதியபோது, படிப்படியாகக் கனம் கூடும்படி அவற்றை அமைத்தார். எளிய சிறு வாக்கியங்களில் தொடங்கும் பிள்ளை, மேல் புத்தகங்களுக்குப் போகும்போது நீண்டு விரிந்த வசனத்தை வாசிக்கும். தமிழ் வசனத்தில் நிறுத்தக் குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்தி வழிகாட்டியவர்களில் முன்னிற்பவரும் அவரே. 'வசனநடை கைவந்த வல்லாளர்' என்று பரிதிமாற் கலைஞர் அவரைப் போற்றினார். நீட்டவும் நிறுத்தவும் சேர்த்தே அறிந்த கை அது.

வன்னிக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்தும் என்று சொல்கிறேன். 2008, 2009இல் போர் நடந்தபோது இங்குள்ள பாடசாலைகள் இடம்பெயர்ந்து, மரநிழலிலும் கொட்டில்களிலும் நடந்து, கடைசியில் நின்றேபோயின. அன்று தரம் 5இல் இருந்தவர்களில் பலர் இன்று தாய்தந்தையர், சிலர் ஆசிரியர்கள். எழுதிப் பழக வேண்டிய ஆண்டுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போதும் துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற பகுதிகளின் உட்கிராமங்களில் சின்னப் பாடசாலைகள் இருக்கின்றன. ஆசிரியர் ஒருவர் இரண்டு மூன்று தரங்களை ஒரே கூரையின் கீழ் வைத்துப் படிப்பிக்கும் நிலை அங்கே புதியதல்ல. ஹண்டின் அலுமினியப் பந்தி இங்கேதான் உதவுகிறது. ஒரே சரக்கை 4ஆம் வகுப்புப் பிள்ளையும் எழுதியது, தேர்ந்த எழுத்தாளரும் எழுதினார். ஒவ்வொருவரும் தத்தம் அளவுக்கு மடித்தார்கள். முத்தையன்கட்டுக் குளத்தைப் பற்றிக் கரும்பலகையில் எழுதும் எட்டு வாக்கியம் தரம் 4க்கும் போதும், தரம் 9க்கும் போதும். சின்னது இரண்டு இரண்டாக இணைக்கும், பெரியது எட்டையும் மூன்றாக்கும். அச்சடிக்க வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டியதில்லை, வெண்கட்டி போதும்.

செய்யும் விதத்தில் எனக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, முதலில் வாயால் இணைக்க விட வேண்டும், அதுவும் ஊர்ப் பேச்சில். "பெஞ்சு, பாஞ்சு" என்று சொல்லட்டும். சொன்ன வாக்கியத்தைப் பிறகு எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும். பேச்சைத் திருத்திக்கொண்டே போனால் பிள்ளை மறுபடி முற்றுப்புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளும். மற்றது, நல்ல எழுத்தை உடைத்துக் கொடுக்க வேண்டும். முள்ளியவளை முல்லைமணி வன்னியைப் பற்றி எழுதிய பந்தி ஒன்றையோ, தண்ணிமுறிப்பைக் களமாக்கி 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவலில் ஒரு பந்தியையோ எடுத்து, ஆசிரியரே அதைக் குட்டி வாக்கியங்களாக உடைத்து எழுதட்டும். பிள்ளைகள் இணைக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு மூலப் பந்தியைக் காட்டி வாசிக்க வேண்டும். எழுத்தாளர் எங்கே இணைத்தார், நாங்கள் எங்கே இணைத்தோம், ஏன் அவர் இந்த இடத்தில் புள்ளி வைத்தார் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள். சில வேளை பிள்ளையின் வாக்கியம் மூலத்தைவிட நன்றாக அமைந்துவிடும். அமைந்தால் வகுப்பறிய அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

இலக்கணப் பெயர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. வினையெச்சமும் பெயரெச்சமும் நல்ல பெயர்கள். சாதாரண தரப் பரீட்சைக்கும் வேண்டும். பத்து வாக்கியம் இணைத்துக் கை பழகிய பிள்ளைக்கு, நீர் செய்தது இதுதான், இதற்குப் பெயர் இது என்று சொன்னால் அது ஒருநாளும் மறக்காது. வேலை முந்தட்டும், பெயர் பிந்தட்டும்.

வவுனியாக் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெறும் இளம் ஆசிரியர்களிடம் நான் கேட்பது வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம். உங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் குளத்தை, கோயிலை, சந்தையைப் பற்றி எட்டுக் குட்டி வாக்கியம் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது: 'இணைத்து எழுதுக' என்ற வினாவுக்கு ஒரே ஒரு விடையைப் புள்ளித் திட்டத்தில் போடாதீர்கள், பொருள் கெடாமல் நிற்கும் எந்த இணைப்புக்கும் முழுப் புள்ளி கொடுங்கள்.